கணக்கெடுப்புக்கு ஆதார் எண் எதற்கு?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் மகளிர் குழுத் தலைவியாக இருக்கிறேன். ஒரு நிறுவனத்தார் பெண்கள் நலக் கணக்கெடுப்பு என்று படிவம் கொடுத்திருக்கிறார்கள். மாதவிடாய், கருத்தடை, கணவரோடு உறவு என்று எல்லாம் கேட்கிறார்கள். கூடவே ஆதார் எண், போன் எண். குழுப் பெண்கள் பதில் சொல்லலாமா?

பதில்: கேள்விகளில் தப்பில்லை. ஆதார் கேட்பதுதான் தப்பு.

எத்தனை பிள்ளை, எப்போது என்று தானே முடிவெடுப்பதும், பயமில்லாத, நிறைவான தாம்பத்தியமும் இனப்பெருக்க நலத்தில் அடக்கம் என்று 1994 கெய்ரோ மாநாட்டில் 179 நாடுகள் ஏற்றுக்கொண்டன. நம் அதிகாரிகளோ இன்னும் ஆபரேஷன்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். முடிவெடுத்தது அவளா, மாமியாரா, பிரசவ வார்டில் அவசரப்படுத்தியவர்களா? அதை இந்த எண் சொல்லாது.

அதனால்தான் ஐ.நா. மூன்று கேள்விகளை வைத்திருக்கிறது. விருப்பமில்லாதபோது கணவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கருத்தடையை யார் முடிவு செய்வது? உங்கள் வைத்தியத்தை யார் முடிவு செய்வது? மூன்றிலும் பெண்ணுக்குச் சொல் இருந்தால்தான் தானே முடிவெடுப்பவள் என்ற கணக்கில் சேருவாள், இரண்டு போதாது.

ஆனால் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தால், மருமகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்றோம்" என்பாள். படிவத்தில் டிக் விழும். அது பதிலே அல்ல. தேசிய ஆய்வில் குடும்ப வன்முறைக் கேள்விகளைத் தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே கூடாது. நீங்களும் அதையே கேளுங்கள்: பெண் ஒருவர்தான், தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று.

அப்புறம் ஆதார். நூறு பேரில் எத்தனை பேர் என்று கணக்குப் போட ஊர்ப் பெயரும் வயதும் போதும். யாருக்குக் குழந்தையில்லை, யாருக்கு இரண்டும் பெண் என்ற பட்டியல் போன் எண்ணோடு புரோக்கர் கையில் கிடைத்தால் அது அவனுக்குக் காசு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதே நம் சேலத்தில்தான். இன்றைக்கு இரண்டும் பெண்ணாக உள்ள வீட்டுக்கு, "என்ன குழந்தைன்னு ஸ்கேன்ல சொல்லிடுவோம்" என்று ஆள் வருவான். சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். வெள்ளைப்படுதல் என்றவளிடம், "கர்ப்பப்பையை எடுத்துடலாம், காப்பீட்டு அட்டை இருக்கா?" என்பான். கடனில் இருப்பவளிடம் கருமுட்டைக்கு விலை பேசுவான். 2021 சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குள், ஆயுளில் ஒரே முறைதான் கருமுட்டை தானம் செய்யலாம். விற்பனை கூடவே கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பிவிடாதீர்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிய ஆதார் கேட்டால் கொடுங்கள். அப்போது கிடைக்கும் கர்ப்பப் பதிவு எண்ணை (ஆர்.சி.எச். எண்) குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவிக்கும் பதிவு வேண்டும். நான் சொன்னதைப் படித்துவிட்டு இதையும் மறுத்தால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான். முகம் தெரிந்த செவிலியரிடம் நேரில் கொடுங்கள். "சிஸ்டர் அனுப்பினாங்க" என்று வருபவரிடம் வேண்டாம்.

வந்தவர்களிடம், ஆய்வுகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியையும் தவிர்க்கலாம், பாதியில் எழுந்து போகலாம் என்று அவர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரி, படிவம் 49 வயதோடு நிற்கிறதா என்றும் பாருங்கள். காபித் தோட்டத்தில் சுமை தூக்கிக் கர்ப்பப்பை இறங்கிப்போய், வெளியே சொல்ல முடியாமல் இருக்கும் அறுபது வயதுக்காரர்களைப் பெரும்பாலான கணக்கெடுப்புகள் கேட்பதில்லை. அவர்களையும் சேர்த்தால்தான் எங்கள் குழு ஒத்துழைக்கும் என்று சொல்லிவிடுங்கள்.