ஆர்சியில் 1,468 சிசி, பானெட்டுக்குள் 2 லிட்டர் டர்போ

கேள்வி: பழைய மிட்சுபிஷி லான்சர் ஒன்றை, கார்களை ட்யூன் செய்து விற்பவரிடம் வாங்கினேன். 1.5 லிட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு 2 லிட்டர் டர்போ இன்ஜின் (4ஜி63 மாடல்) மாட்டியிருக்கிறார். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்தேன். “ஆர்டிஓ அனுமதி வாங்கியாச்சு” என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார். பெயர் மாற்றப் போனால், இன்ஜின் எண் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது இன்ஜினை ஆர்சியில் ஏற்ற முடியுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதல் கேள்விக்கு, முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எரிவாயு, பேட்டரி போன்றவற்றுக்கு மாற்ற விலக்கு உண்டு. வேகத்துக்காக மாற்றுவது அதில் வராது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. இனி அந்தக் காரை ரோட்டில் எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கலாம்.

பணத்துக்கு வருவோம். “இன்ஜின் மாற்றியது தெரிந்துதானே வாங்கினீர்கள், கூடுதல் விலையும் கொடுத்தீர்களே?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை மடக்கப் பார்ப்பார். நியாயமான கேள்விதான். இன்ஜின் மாறியது உங்களுக்குத் தெரியும், அனுமதி இல்லை என்பது தெரியாது என்பதே உங்கள் பதில். அனுமதி இல்லை என்று தெரிந்தே ‘வாங்கியாச்சு’ என்று அவர் சொல்லியிருந்தால், அது ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவு சொல்லும் மோசடி. 19-வது பிரிவின்படி ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். அவர் வாயே திறக்காமல் விற்றிருந்தால், “ஆர்சியைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே” என்று அவர் தப்பிக்க இடமிருந்தது. அவரே எழுதிக் கொடுத்துவிட்டதால் அந்த வாதம் அவ்வளவாக எடுபடாது.

ஆக, வழக்கின் உயிர் அந்த ஒரு மெசேஜ். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போனை மாற்றாதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023) 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வைக்க வேண்டும்.

பழைய 1.5 இன்ஜினைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டிவிடலாம் என்று மெக்கானிக் யாராவது யோசனை சொல்வார். இப்போதைக்கு வேண்டாம், மாட்டிவிட்டால் ஆதாரம் போய்விடும். முதலில் லைசென்ஸ் பெற்ற வாகன சர்வேயரை வைத்து இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் படத்தோடு அறிக்கையாக வாங்குங்கள். இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில்லையும் விற்றவரிடம் கேளுங்கள். பில் இல்லையென்றால் அது திருட்டு இன்ஜினா என்ற கேள்வி எழும். அந்த வம்பு உங்கள் வாசலுக்கு வரக் கூடாது.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ்: காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். விஷயத்தை மறைத்துக் காரை வேறொருவர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். அதைச் செய்தால் அடுத்த நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.