வடகடலில் ஆடி மாதத்து அலை

அன்புள்ள ஐயா,

பாம்பனில் இருக்கிறேன். ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கைக்குக் கிடைக்கிற நாவலை எல்லாம் வாசிப்பேன். வாசித்ததைப் பற்றித் தோழிகளுக்கு எழுதி அனுப்புவேன். போன மாதம் நம் பக்கத்துக் கடலை வைத்து எழுதப்பட்ட ஒரு நாவலை வாசித்தேன். பெயரைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எல்லாரும் புகழ்கிறார்கள், எனக்கு இரண்டு இடங்கள் இடறின. மே முதல் வாரத்தில் ஒரு விசைப்படகு தொழிலுக்குப் போகிறது. அப்புறம், ஆடி மாதத்தில் ராமேஸ்வரத்து வடகரையில் ஆள் உயரத்துக்கு அலை எழும்பி வல்லத்தை, அதாவது நாட்டுப் படகை, கவிழ்க்கிறது, கதாநாயகனின் தம்பி செத்துப்போகிறான். தென்கடல் பொங்குகிறது என்று ஆனியிலேயே தாத்தா வல்லத்தை வடக்கே கொண்டுபோவதும் அதே நாவலில்தான் வருகிறது.

இதை எழுதியபோது, "நாவலை நாவலாகப் படி. நீ எழுதுவது விமர்சனமே இல்லை, கதைச்சுருக்கமும் குற்றப்பட்டியலும்" என்றார் தெரிந்த ஒருவர். கடலில் பாசி எடுக்கப் போகும் என் அத்தைக்கு அந்த நாவலை ராத்திரிகளில் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அத்தை கேட்டது, "இந்தக் கதையில ஒருத்திகூட வேலைக்குப் போகலையேடி?" இதையெல்லாம் எழுதலாமா, கூடாதா?

ம., பாம்பன்

அன்புள்ள ம.,

தாராளமாக எழுதலாம். ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதலில் அந்த மே மாதப் படகு. இங்கே அவசரப்பட வேண்டாம். நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்தது 2001-இல். அப்போது 45 நாள். 2017-இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து சித்திரையில் படகுகள் கட்டிக் கிடப்பதையே பார்த்திருப்பீர்கள், அதனால் அது எப்போதும் உள்ள நடைமுறை போலத் தோன்றும். கதை 1990-களில் நடந்தால் மே மாதத்தில் படகு போனது சரிதான். நாவலாசிரியர் ஆண்டைச் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் தடயம் இருக்கும். யார் கையிலாவது செல்போன் இருக்கிறதா? பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் போகிறதா? அந்தப் பாலம் திறந்தது 1988-இல். இப்படித் தேடிக் காலத்தைப் பிடித்த பிறகும் உதைத்தால் மட்டும் எழுதுங்கள். அப்போதும் அது ஒரு வரிக்கு மேல் வேண்டியதில்லை.

காற்று விஷயம் வேறு. ஆனி, ஆடி என்று தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். மண்டபத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய் இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் பார்த்துவிடலாம். பருவத்துக்குப் பருவம் படகுகளைத் தெற்கிலிருந்து வடக்குக்கும், வடக்கிலிருந்து தெற்குக்கும் மாற்றுவது இதனால்தான். ஆடியில் வடகரையில் ஆள் உயர அலை என்றால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நம்பமாட்டார்கள்.

ஆனாலும் 'எங்கள் ஊரில் அப்படி இல்லை' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கோயம்புத்தூரில் இருந்து வாசிப்பவருக்கு அது பதிலாகாது, கற்பனைக்கு உரிமை உண்டு என்று அவர் சொல்லிவிடுவார். உங்கள் கையில் இன்னும் வலுவான சான்று இருக்கிறது. கடிதத்தில் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். தென்கடல் பொங்குகிறது என்று தாத்தா வல்லத்தை வடக்கே கொண்டுபோகிறாரே, அந்த இடம். காற்றுக்குப் பயந்து வடகடலுக்கு வருகிறார்கள் என்று நாவலே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அடுத்த மாதமே அங்கே அலை வந்து ஆளைக் கொல்கிறது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பாத்திரமாவது "ஆடியிலா, வடகடலிலா?" என்று திகைத்திருந்தால் அந்தச் சாவு எவ்வளவு கனத்திருக்கும்! தம்பியின் சாவில்தான் பின்பாதி முழுக்க நிற்கிறது என்றால், இது தகவல் பிழையோடு முடிகிற விஷயமில்லை, கதை தன் கால்மேலேயே இடறிய இடம். இரண்டு பகுதிகளையும் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டி எழுதுங்கள். கடலையே பார்க்காதவருக்கும் புரியும், மறுக்கிறவரும் அந்த இரண்டு பக்கங்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி உங்கள் அத்தை கேட்டது. நான் நெடுநேரம் யோசித்தது இதைப் பற்றித்தான். அலையை மறுபதிப்பில் மார்கழிக்கு மாற்றிவிடலாம். அத்தையின் கேள்விக்கு அப்படி ஒரு திருத்தம் போட முடியாது. முழு நாவலையும் திரும்ப எழுத வேண்டும்.

அவர் எங்கிருந்து கேட்கிறார் என்று பாருங்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, தீவுப் பக்கம் முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து எடுக்கிற கை அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு வந்த கட்டுப்பாடுகளும் அவர் தலைமுறைப் பெண்கள் அறிந்தவை. கருவாடு காயப்போடுவது, நண்டு கழிப்பது, கூடை தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது என்று இந்தக் கரையின் பாதி வேலை பெண்கள் கையில் நடக்கிறது. அந்த நாவலில் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கரையில் நின்று காத்திருப்பார்கள், ஒப்பாரி வைப்பார்கள், காதலிப்பார்கள், அவ்வளவுதானே? நான் இதை ஊகமாகத்தான் சொல்கிறேன். நீங்கள் புத்தகத்தைத் திரும்ப எடுத்து, பெண்கள் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் அவர்கள் கை என்ன செய்கிறது என்று குறித்துப் பாருங்கள். அத்தை சொன்னது சரி என்றால் உங்கள் கட்டுரையின் முதல் வரி அவருடைய கேள்வியாக இருக்கட்டும், அவர் பேச்சிலேயே.

நாவலாசிரியர் வெளியூர்க்காரர், அதனால் தெரியவில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், அங்கே உழைக்கிறவர்களைப் பார்த்துப் பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். அதில் பொன்னாச்சி அளத்தில் வேலை செய்கிறாள். வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிற நம் மாவட்டத்துக்காரர்கள் அந்த நாவலைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அந்த உழைப்பைப் பார்க்க வெளியூர்க்காரரால் முடிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குமரிக் கரைக்கும் முத்துக்குளித்துறைக்கும் தோப்பில் முகமது மீரானும் ஜோ டி குரூஸும் நாவலாசிரியர்களாகக் கிடைத்த மாதிரி நம் கரைக்கு இன்னும் அமையவில்லை என்றே என் வாசிப்பில் தோன்றுகிறது. அதனால் தொண்டி என்றோ, ஏர்வாடி என்றோ ஒரு பெயர் அச்சில் வந்தாலே உருகிவிடுகிறோம். அந்த உருக்கத்தில் எழுதுகிற பாராட்டு நாவலாசிரியருக்கே உதவாது.

கதைச்சுருக்கம் என்று உங்கள் நண்பர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நீங்கள் அனுப்பிய மாதிரிக் கட்டுரையில் முக்கால் பங்கு கதைதான் இருக்கிறது. யார், எங்கே, என்ன சிக்கல் என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டால் போதும். மிச்ச இடத்தில் நாவலிலிருந்து நான்கைந்து வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, அந்த வரிகள் உங்களை என்ன செய்தன என்று எழுதுங்கள். தாத்தா வல்லத்தைத் தள்ளுகிற இடம் பிடித்திருந்தது என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். ஏன் பிடித்தது? குறை சொல்ல எடுத்துக்கொண்ட இடம் அதற்கும் வேண்டாமா?

விமர்சகர் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் ஒவ்வொரு நூலாக எடுத்துச் சிறு கட்டுரைகள் எழுதினார். நல்ல புத்தகம் ஒன்றைக் கண்டுவிட்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத மனசு அது. தோழிகளுக்கு நீங்கள் எழுதுவதும் அந்த வரிசையில்தான் வருகிறது, அதை விமர்சனம் என்று அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அத்தைக்கு வாசித்துக் காட்டுவதையும் விட்டுவிடாதீர்கள். புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் கிளை நூலகத்தில் கேளுங்கள், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசியாக, நாவலின் பெயரை மறைக்க வேண்டாம். பெயர், ஆசிரியர், பதிப்பகம், எந்த ஆண்டுப் பதிப்பு, எல்லாவற்றையும் போட்டு எழுதுங்கள். பெயர் இல்லாமல் சொன்ன குறைக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. கட்டுரையை எனக்கு அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன். ஆசிரியர் பதில் எழுதினால் அதையும் ஒரு வரி குறைக்காமல் போடுவேன்.

அன்புடன்.