ரோமில் ஒரு செமஸ்டர்: கட்டடக்கலை படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, பி.ஆர்க். நான்காம் ஆண்டு படிக்கிறேன், பிப்ரவரியில் ஒரு செமஸ்டருக்கு ரோம் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். இத்தாலியன் தெரியாமல் சமாளிக்க முடியுமா? ஐந்து மாதத்தில் உருப்படியாக எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா? கட்டாயம் பார்க்க வேண்டிய கட்டடங்களுக்கு ஒரு லிஸ்ட் கிடைக்குமா? நானும் இப்படி ஒரு செமஸ்டருக்கென்று பெட்டி கட்டிக்கொண்டு வந்தவள்தான். அப்புறம் முதுகலை, வேலை என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஓர் அலுவலகத்தில் இப்போது இருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 90 நாளைத் தாண்டித் தங்குவதால் ‘D’ வகை விசாவில் வருவீர்கள். விசா இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. வந்திறங்கி எட்டு வேலை நாளுக்குள் ‘பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ’ என்கிற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான உறை தபால் நிலையத்தில் கிடைக்கும், ‘கிட்’ என்று கேட்டால் தருவார்கள். முத்திரைத் தலைக்கு, வாசலில் பெரிய ‘T’ எழுத்து மாட்டிய புகையிலைக் கடைக்குப் போக வேண்டும், 16 யூரோ. பாஸ்போர்ட் நகல், இன்ஷூரன்ஸ், சேர்க்கைக் கடிதம் எல்லாவற்றையும் வைத்து, உறையை ஒட்டாமல் கவுன்டரில் கொடுங்கள். கட்டணமெல்லாம் சேர்த்தால் நூறு யூரோவைத் தாண்டும். அங்கே தரும் ரசீது பத்திரம். அட்டை கைக்கு வருவதற்குள் செமஸ்டரே முடிந்துபோகலாம், அதுவரை அந்த ரசீதுதான் உங்களுக்கு எல்லாம்.

வீடு விஷயத்தில் நான் ஏமாந்தவள். ஒப்பந்தம் வேண்டாம், வாடகையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார் ஒருவர். இரண்டு மாத முன்பணத்தைக் கையில் கொடுத்தேன். காலி செய்தபோது அவர் போனை எடுக்கவே இல்லை. காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் ஒரு யூரோகூட நீட்டாதீர்கள்.

சரி, மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் ஸ்டுடியோவில் உண்மையான பாடம் ‘ரெவிசியோனே’யில்தான் நடக்கிறது. பேராசிரியர் மேசையில் உட்கார்ந்து, உங்கள் ஷீட்டின் மேல் ட்ரேசிங் தாளைப் போட்டுத் திருத்தும் நேரம் அது. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் ஆங்கிலத்தில் பேசுகிறவர் அடுத்தவரிடம் இத்தாலியனில்தான் பேசுவார். உங்கள் முறை முடிந்ததும் காப்பி குடிக்கக் கிளம்பிவிட்டால், பாதிப் பாடம் போச்சு. செக்‌ஷன், படிக்கட்டு, வெளிச்சம், சுவர், கனம் என்று ஐம்பது வார்த்தை தெரிந்தால்கூடப் போதும், மிச்சத்தைப் பென்சில் சொல்லிவிடும்.

தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழிதான். முப்பதுக்கு மதிப்பெண், 18 எடுத்தால் பாஸ். வரலாற்றுத் தேர்வில் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் பேராசிரியர் கேட்கவே இல்லை. வெற்றுத் தாளை முன்னால் தள்ளி, பிரமாந்தேயின் தெம்பியெத்தோவை வரையச் சொன்னார். ஜானிகோலோ குன்றில், ஒரு மடத்தின் முற்றத்துக்குள் இருக்கும் சின்ன வட்டக் கோயில் அது. எத்தனை முறை பார்த்திருப்பேன்! பிளானை வரைந்து சுற்றிலும் பன்னிரண்டு தூண் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தார், சிரித்தார். பதினாறு தூண். எண்ணாமலே ஏழெட்டுத் தடவை போய்வந்திருக்கிறேன்! கிடைத்தது 23. பிடிக்காவிட்டால் மதிப்பெண்ணை மறுத்துவிட்டு அடுத்த தேதியில் மறுபடி உட்காரலாம், அது இங்கே சகஜம். எனக்கு அதற்கு நேரமில்லை, டிக்கெட் போட்டாகிவிட்டது. அதனால் சொல்கிறேன், ஜூன் தொடக்கத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தேர்வுகள் ஜூலை வரை இழுக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், எந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிசைன் ஸ்டுடியோ எங்கேயும் கிடைக்கும். இங்கே வந்தும் ராத்திரி பகல் லேப்டாப்பில் ரெண்டர் போட்டுக்கொண்டிருந்தால் ரோமில் இருந்தென்ன, எங்கே இருந்தென்ன? ‘ரிலியேவோ’ என்று ஒரு பாடம் உண்டு, இருக்கிற கட்டடத்தை அளந்து வரைவது. ‘ரெஸ்தவுரோ’ என்று இன்னொன்று, பழையதைச் சீரமைப்பது. உங்கள் கல்லூரி கிரெடிட் ஒத்துக்கொள்ளுமானால் இந்த இரண்டில் ஒன்றையாவது எடுத்துவிடுங்கள். கிரெடிட் விஷயத்தைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீரமைப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது டைட்டஸ் வளைவு. பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் ஒரு கோடியில் நிற்கிறது. இடைக்காலத்தில் அதைக் கோட்டைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள், ஓரங்களெல்லாம் போய்விட்டன. 1820களின் தொடக்கத்தில் வலாதியேர் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பிரித்து, மறுபடி கட்டி முடித்தார். பழையது பளிங்கு, அவர் சேர்த்தது திரவெர்த்தீன் கல். கிட்டே போய்த் தூண்களைப் பாருங்கள். உள்பக்கத் தூண்களில் நெடுக வரி ஓடும், ஓரத்துத் தூண்கள் மொழுமொழுவென்று இருக்கும். அவருக்குச் செதுக்கத் தெரியாமல் இல்லை. தூரத்திலிருந்து வளைவு முழுசாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் போனால் எது பழசு, எது புதுசு என்று பிடிபட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் நடக்கும் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான்.

அப்புறம், இந்த ஊரை எலிவேஷனாக, அதாவது வெளி முகப்பாகப் பார்க்காதீர்கள், செக்‌ஷனாக, அதாவது மேலிருந்து கீழே வெட்டினால் தெரிகிற மாதிரி பாருங்கள். நான் முதல் மாதம் முழுக்க முகப்புகளைப் போட்டோ எடுத்துத் தீர்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சான் கிளெமெந்தே தேவாலயம் இருக்கிறது. மேலே நிற்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டின் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதலாம் நூற்றாண்டின் ரோமானியச் சுவர்கள், மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டுக்கான தாழ்ந்த அறை ஒன்று. அங்கே சுவரில் காதை வைக்கவே வேண்டாம், அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் தானாகக் கேட்கும். மேலே தூண் எங்கே நிற்கிறது, கீழே அதைத் தாங்குவது எந்தச் சுவர் என்று ஒரு மாலை முழுக்க வரைந்து பாருங்கள். இதே பாடம் மெட்ரோ டிக்கெட் விலைக்கும் கிடைக்கும். 2018இல் திறந்த சான் ஜொவான்னி சி லைன் நிலையத்தில் கீழே இறங்க இறங்க, எந்த ஆழத்தில் எந்தக் காலம் என்று சுவரிலேயே போட்டிருக்கிறார்கள். தோண்டும்போது கிடைத்த பொருள்களும் அங்கேயே இருக்கின்றன. அந்த லைன் ஏன் இவ்வளவு வருடமாக இழுக்கிறது என்று பிறகு யாரிடமும் கேட்கத் தோன்றாது.

லிஸ்ட் கேட்டீர்கள். நீளமாகத் தரமாட்டேன். பாந்தியோனுக்கு எப்படியும் போவீர்கள், மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள். கூரைத் துளை வழியே மழை நேராக உள்ளே விழும், தரையில் நீர் வடிய ஓட்டை போட்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். நான் கொடுக்கும் லிஸ்டில் இரண்டே பெயர்தான். குவிரினாலே தெருவில் மூன்று நிமிட நடைக்குள் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. ஒன்று பொர்ரோமினியின் சான் கார்லோ, 1638இல் தொடங்கியது. அது அவ்வளவு சின்னது என்பதால் ஊர்க்காரர்கள் சான் கார்லினோ என்றே செல்லமாகச் சொல்வார்கள். இன்னொன்று பெர்னினியின் சாந்த் அந்த்ரேயா, இருபது வருடம் பிந்தியது. ஒரே காலத்துக் கட்டடக் கலைஞர்களான இந்த இருவருக்கும் ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த கதை. இரண்டுமே நீள்வட்டம்தான். ஆனால் சான் கார்லினோவில் நீள்வட்டம் உங்களுக்கு முன்னால் நீண்டுகொண்டே போகும். சாந்த் அந்த்ரேயாவில் குறுக்குவாட்டில் நுழைவீர்கள், நாலு எட்டு வைத்தால் பலிபீடம் முகத்துக்கு எதிரே. பெர்னினிக்குப் பண வசதி இருந்தது, வண்ணப் பளிங்கை இழைத்திருக்கிறார். பொர்ரோமினிக்குக் கிடைத்தது வெள்ளைச் சுண்ணச் சாந்து. அதை வைத்துக்கொண்டு சுவரை அலை மாதிரி வளைத்திருக்கிறார். அண்ணாந்து பாருங்கள், குவிமாடத்தில் சிலுவை, அறுகோணம், எண்கோணம் மூன்றும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, மேலே போகப்போகச் சிறுத்துவிடும். அதனால் இருக்கிற உயரத்தைவிட உயரமாகத் தெரியும்.

இரண்டுக்கும் ஒரே நாளில் போங்கள், அடுத்த வாரம் மறுபடி போங்கள், மே மாதம் இன்னொரு முறை. டேப் வேண்டாம், காலடியால் அளந்து பிளான் வரையுங்கள். முதல் முறை சான் கார்லினோ உங்கள் தாளில் மூடாது, வளைவுகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். எனக்கு நாலாவது முறைதான் மூடியது. இங்கே பல தேவாலயங்கள் மத்தியானத்தில் பூட்டிவிடுவார்கள், அதனால் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். அழிரப்பரை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.