ஓர்மையும் உயிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஆச்சிக்கு வயது 86. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இல்லை. குடித்த காப்பியை மறந்து மறுபடியும் கேட்கிறார். தன்னைப் பார்த்துக்கொள்ளும் என் சித்திக்குத் தென்னந்தோப்பை எழுதிவைக்க வேண்டும் என்கிறார். மாமாவோ, "ஓர்மை கெட்டவள் எழுதும் உயில் கோர்ட்டில் நிற்காது" என்கிறார். ஒருவருடைய அறிவைச் சட்டம் எதைக்கொண்டு அளக்கிறது?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

காப்பியை மறந்தவர் தோப்பை மறந்தாரா என்பதுதான் கேள்வி. உங்கள் மாமா அதைக் கேட்கவில்லை.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் பிரிவு 59 உயில் எழுதத் தெளிந்த மனம் வேண்டும் என்கிறது. படிப்பையோ சாமர்த்தியத்தையோ கேட்பதில்லை. நோயாலோ போதையாலோ தான் செய்வது இன்னதென்று தெரியாத நிலையில் எழுதக்கூடாது, அவ்வளவுதான். சித்தம் கலங்கியவர்கூட இடையில் தெளிந்திருக்கும் வேளையில் எழுதலாம் என்று அதே பிரிவு இடம் தருகிறது. சாட்சி சொல்பவருக்கும் ஏறக்குறைய இதே அளவுகோல்தான்: கேள்வி புரிந்து அறிவுக்கு ஒத்த பதில் சொல்ல முடிந்தால் சிறுவனும் கூண்டேறலாம், தள்ளாத கிழவரும் ஏறலாம்.

1870-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இறந்துபோன ஒருவர் தன்னைத் துரத்தித் துன்புறுத்துவதாக நம்பியவர் எழுதிய உயில் அது. செல்லும் என்றே தீர்ப்பானது. தான் செய்வது என்ன, தன் சொத்து எவ்வளவு, தன்னிடம் உரிமை எதிர்பார்ப்பவர்கள் யார் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா, அந்தப் பிரமை உயிலில் கலந்ததா என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. நம் நீதிமன்றங்களும் இந்த வழியில்தான் யோசிக்கின்றன. ஆச்சியிடம் தோப்பின் எல்லையைக் கேளுங்கள், மாமாவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்றும் கேளுங்கள். பதில் பிசகாமல் வந்தால் காப்பிக் கணக்கை விட்டுத்தள்ளலாம்.

எனக்குக் கவலை சித்தியைப் பற்றித்தான். உயிலால் பெரும்பயன் அடைபவரே அதை எழுதும் வேலையிலும் முன்னால் நின்றால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை, அதை விலக்கும் பொறுப்பு அவருடையதே என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. பத்திர எழுத்தரை அழைத்துவருவதும் வாசகம் சொல்வதும் சித்தியாக இருக்க வேண்டாம். ஆச்சியே சொல்லட்டும். சாட்சிகள் இருவரும் வெளியாட்களாக இருந்தால் நல்லது, ஒருவர் அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவராக அமைந்தால் மிக நல்லது. ஆச்சியால் நடக்க முடியாவிட்டால், காரணம் காட்டி விண்ணப்பித்தால் உயிலைப் பதிவுசெய்யச் சார்பதிவாளர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் வழி உண்டு.