என் வீட்டில் வருகிறவர்களைப் பதிவு செய்யலாமா? கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நியூஜெர்சியிலிருந்து சான் ஹோசேக்குக் குடி மாறியிருக்கிறீர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஒரு நானி வருகிறார், வார இறுதியில் நண்பர்கள் வந்து போகிறார்கள். ஹாலில் புத்தக அலமாரிக்குள் ஒரு சின்னக் கேமரா வைத்திருக்கிறீர்கள், யாரிடமும் சொல்லவில்லை. "வீடு என்னுடையது, கேமரா என்னுடையது, இதில் சட்டப்படி என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கேமராவின் மைக்கை அணைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

இந்த நாட்டில் படத்துக்கு ஒரு சட்டம், குரலுக்கு வேறு சட்டம். ஹால், சமையலறை, குழந்தை விளையாடும் இடம் போன்ற பொதுவான பகுதிகளில் ஒலியில்லாமல் படம் மட்டும் பிடித்தால் பொதுவாகப் பிரச்சினை வராது. குளியலறை, உடை மாற்றும் இடம், விருந்தினர் படுக்கும் அறை, இங்கெல்லாம் மறைத்துவைத்த கேமரா தனிக் குற்றம். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சரி, அங்கே விதிவிலக்கு கிடையாது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர், மாமனார் மாமியார் அறைக்கும் இதேதான்.

குரல் விஷயத்துக்கு வருவோம். 1968-இல் வந்த கூட்டரசுச் சட்டப்படி, பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்தால் பதிவு செய்யலாம். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். நியூஜெர்சியும் இதே வழிதான், அதனால்தான் அங்கே உங்களிடம் "சரிதான்" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தச் சம்மதம், நீங்கள் கலந்துகொள்ளும் பேச்சுக்கு மட்டும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நானி சோபாவில் உட்கார்ந்து தன் மகளோடு போனில் அவள் கல்யாணப் பிரச்சினையைப் பேசுகிறார் என்று வையுங்கள். அலமாரிக்குள் இருக்கும் மைக் அதை அப்படியே பிடிக்கிறது. அந்தப் பேச்சில் நீங்கள் இல்லை, பேசுகிற இருவரும் சம்மதிக்கவில்லை. அது ஒட்டுக்கேட்பது. நியூஜெர்சியிலும் அது தப்புதான்.

கலிபோர்னியா இன்னும் கடுமை. 1967-இல் கொண்டுவந்த தனியுரிமைச் சட்டத்தின் 632-ஆம் பிரிவுப்படி, அந்தரங்கமான பேச்சைப் பதிவு செய்யப் பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும். நீங்களே எதிரில் உட்கார்ந்து பேசினாலும் நண்பருக்குத் தெரியாமல் பதிவு செய்யக் கூடாது. எது அந்தரங்கம் என்பதை 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஃபிளானகன் வழக்கில் தெளிவுபடுத்தியது. அதுவும் ஒரு குடும்பத்துக்குள் நடந்த தொலைபேசிப் பதிவு பற்றிய வழக்குதான். பேச்சில் ரகசியம் இருந்ததா என்று நீதிமன்றம் தேடவில்லை. 'இதை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, பதிவு செய்யவில்லை' என்று நியாயமாக நம்பிப் பேசினாரா என்பதுதான் அளவுகோல். உங்கள் ஹாலில் காபி குடிக்கிற நண்பர் அப்படி நம்பித்தானே பேசுவார்?

தண்டனை, ஒரு மீறலுக்கு 2,500 டாலர் வரை அபராதம், சிறை (மாவட்டச் சிறையில் ஓராண்டு வரை, அல்லது மாநிலச் சிறை), அல்லது இரண்டும். பதிவு செய்யப்பட்டவர் தனியாக உங்கள்மேல் சிவில் வழக்கும் போடலாம். ஒரு மீறலுக்கு 5,000 டாலர் அல்லது நட்டத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. நட்டம் ஏற்பட்டது என்று அவர் நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை. நம்மைப் போல் விசாவில் வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி விசா விண்ணப்பத்திலும் இருக்கிறது, கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் இருக்கிறது. வழக்கு தள்ளுபடியானாலும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் பதில் எழுத வேண்டும்.

சொந்த வீட்டில் பதிவு செய்ததற்கெல்லாம் யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1997-இல் லிண்டா டிரிப் என்ற பெண்மணி மேரிலாந்தில் தன் வீட்டிலிருந்து, அதிபர் கிளிண்டன் விவகாரத்தில் பெயர் அடிபட்ட தோழி மோனிகா லெவின்ஸ்கியோடு தான் பேசிய தொலைபேசிப் பேச்சைத்தான் பதிவு செய்தார். அங்கேயும் எல்லோர் சம்மதமும் வேண்டும். 1999-இல் மாநிலம் அவர்மேல் குற்றம் சாட்டியது, 2000-இல்தான் கைவிட்டது. புளோரிடா, பென்சில்வேனியா, வாஷிங்டன் மாநிலங்களும் இந்த வகை. வேலைக்காக மாநிலம் மாறும்போதெல்லாம் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிய நண்பர் "தந்துவிடுகிறேன்" என்று சொல்வதை ரகசியமாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சிவில் வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். பணமும் வராது, வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

ஒரு விலக்கு இருக்கிறது, அதைப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்ப வன்முறை, மிரட்டிப் பணம் பறித்தல், கடத்தல், வன்முறையான பெருங்குற்றம் போன்றவற்றுக்குச் சாட்சியம் கிடைக்கும் என்று நியாயமாக நம்பினால், பேச்சில் இருப்பவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்யலாம் என்கிறது 633.5-ஆம் பிரிவு. கணவரைச் சார்ந்த விசாவில் வந்து, அடியும் மிரட்டலும் வாங்கிக்கொண்டு, போனை எடுக்கப் பயந்து இருப்பவர்கள் நம் மக்களில் இருக்கிறார்கள். சட்டம் அவர்களைக் கைவிடவில்லை என்பதை உங்கள் மனைவியின் தோழிகளுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வழி சுலபம். நானியிடம் நேராகச் சொல்லுங்கள்: "அம்மா, ஹாலில் கேமரா இருக்கிறது, குழந்தைக்காக வைத்தது, குரல் பதிவாகாது." வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குழந்தை அழுவது கேட்க வேண்டும், ஒலி வேண்டியதுதான் என்றால் அதையும் எழுதி அவர் சம்மதத்தை வாங்குங்கள். நண்பர்கள் வரும் நாளில் கேமராவை மொத்தமாக அணைத்துவிடுவது நல்லது. ஆப்பில் மைக்கை அணைத்ததோடு விடாமல், கேமரா முன் நின்று நாலு வார்த்தை பேசி, பதிவை ஓட்டிப் பாருங்கள். இந்தக் கேமராக்கள் பல, மைக் இயங்கும் நிலையிலேயே வருகின்றன. ரீசெட் செய்தால் பழைய நிலைக்கே போய்விடும்.

இதுவரை பதிவானதை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மனைவிக்குக்கூட வேண்டாம். சட்டவிரோதமாகப் பிடித்த பேச்சைத் தெரிந்தே பிறருக்குத் தருவது கூட்டரசுச் சட்டத்தில் தனிக் குற்றம். குழந்தையை அடித்தது போல் ஏதாவது அதில் இருந்தால் அழிக்கவும் வேண்டாம், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். உங்கள் மாவட்டத்து வக்கீல்கள் சங்கத்துக்குப் போன் செய்தால் பொருத்தமான ஆளைச் சொல்வார்கள்.