அந்த இடத்தில் மட்டும் ஆமென் வருவதில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஜனாதிபதிக்கும் அமைச்சர்களுக்கும் ஜெபிப்பார்கள். 2009இல் போர் முடிந்த நேரத்தில் அண்ணாவைத் தொலைத்தவள் நான். எந்த ஜனாதிபதி வந்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஆமென் வருவதில்லை. அதே வாங்கில் இருக்கும் அத்தான் உரக்கச் சொல்வார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அவர் அநுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டார், நான் தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குக்கு. அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. மனமில்லாமல் சொல்லும் ஆமென் பொய்தானே?

வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள தங்கச்சி,

வராத ஆமெனை இழுத்து வரவேண்டாம். பேசாமல் இருங்கள், கர்த்தர் கோபிக்கமாட்டார்.

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்து, சிலிண்டரை மற்றவர்களின் சிலிண்டர்களோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு விடிய விடியக் காத்திருந்தபோது நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது 109ஆம் சங்கீதம்: "அவனுடைய உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்." (பேதுரு இதை யூதாஸின் இடத்துக்கு ஆள் தேடும்போது சொன்னார், நான் ஜனாதிபதி கோட்டாபயவுக்குச் சொன்னேன்.) ஜூலையில் அவர் நாட்டைவிட்டே ஓடினார். வெடி கொளுத்தாத குறைதான் எனக்கு. ஆனால் அடுத்த ஞாயிறு போதகர் புது ஆளின் பெயரைச் சொன்னபோது அதே கசப்பு தொண்டையில் அப்படியே நின்றது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறார், சரி. புகழச் சொல்லவில்லையே! நாம் கலகமில்லாமல் அமைதியாக வாழவேண்டும் என்றுதான் காரணம் சொல்கிறார், அந்த ராஜா கிறிஸ்தவனும் இல்லை. "தலைவர்களை ஆசீர்வதியும்" என்று ஒரே மூச்சில் முடிக்கிற ஜெபம் எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது. லூக்கா 18இல் ஒரு விதவை அநீதியான நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் எனக்கு நியாயம் செய்யும் என்று அலுக்காமல் கேட்கிறாளே, சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது எப்படி என்று காட்ட இயேசு கொண்டுவந்து நிறுத்தியது அவளைத்தான். நீங்களும் அப்படிக் கேளுங்கள்: ஆண்டவரே, என் அண்ணாவுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் வாய் திறக்கட்டும், திறக்கவைக்கிற தைரியத்தை இந்த ஜனாதிபதிக்குக் கொடும். இதுவும் ஜனாதிபதிக்கான ஜெபம்தான், இதற்கு உங்களுக்கு ஆமென் வரும்.

அத்தான் விஷயம்தான் கஷ்டம். ஜனாதிபதி உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரப்போவதில்லை, அத்தான் வருவார். அவருடைய அரசியல் திருந்தவேண்டும் என்று மட்டும் ஜெபித்தால் கர்த்தரையும் உங்கள் பக்கத்துக்கு வாக்குக் கேட்க அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். அவருக்கு முழங்கால் வலியென்றால் முழங்காலுக்கு ஜெபியுங்கள், மகளுக்கு ஓ.எல். பரீட்சை என்றால் அதற்கு. அப்புறம், குரூப்பை விட்டு விலகவேண்டாம். ஒரு கிழமைக்கு மியூட் பண்ணி வையுங்கள்.