வாசகர் கேள்வி: வாழ்ந்ததும் தேடிச் சென்றதும்

கேள்வி: பெண் ஒருவர் நாவல் எழுதினால், "இது உங்கள் சொந்தக் கதையா?" என்று கேட்காதவர் இல்லை. உண்மையில் நாவலாசிரியரின் வாழ்க்கை அவருடைய புனைவில் எந்த அளவுக்கு வருகிறது?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: நிச்சயமாக வருகிறது, ஆனால் நடந்தது நடந்தபடி வருவதில்லை. உங்கள் மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமியாக இருந்தபோது தோழியரோடு சினிமாவுக்குப் போனது வீட்டில் தெரிந்ததும் அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. 2004-இல் வெளிவந்த அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் ரபியா என்னும் சிறுமியும் அப்படித்தான் சினிமாவுக்குப் போகிறாள். இதை மட்டும் பார்த்தால் சொந்தக் கதை என்றே தோன்றும். ஆனால் அந்த நாவல் ரபியாவோடு நிற்பதில்லை. மணமானவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், முதியவர்கள் என்று ஒரே ஊரின் பல பெண்கள் அதில் பேசுகிறார்கள். வீட்டுச் சுவர்களுக்குள் தான் பட்டதை அத்தனை பேருக்கும் பகிர்ந்து கொடுத்ததனால்தான் அது தன்வரலாறாகச் சுருங்காமல் நாவலாக விரிந்தது என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு வகை அனுபவமும் உண்டு. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் மணமாகி, கூட்டுக்குடும்பத்துக்குள் போன ராஜம் கிருஷ்ணன், மின்பொறியாளரான கணவரின் பணி காரணமாக ஊர் ஊராக வாழ்ந்தார். நீலகிரியில் வாழ்ந்த காலம் அவருக்கு அந்த மலையில் வாழும் படகர் இன மக்களின் வாழ்க்கையைக் காட்டியது, 'குறிஞ்சித்தேன்' பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு காலத்தைக் கணக்கிடும் மக்களிடையே வாழ்ந்து பார்த்தவருக்குத்தான் அப்படியொரு நாவல் கைகூடும். ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. உப்பளத்தில் கூலிக்கு நின்றவர் அல்லர் அவர். இருந்தும் தூத்துக்குடிக்குத் தாமே சென்று, அளத்து வேலை செய்பவர்களோடு பேசிப் பழகி, 'கரிப்பு மணிகள்' எழுதினார். வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பு கண்ணைக் கூச வைப்பதையும், நாள் முழுவதும் உப்புநீரில் நிற்கும் பாதம் வெடித்துப் புண்ணாவதையும் அருகில் நின்று பார்க்காமல் எழுதிவிட முடியாது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழன்ற குழந்தைகளைப் பற்றிய 'கூட்டுக்குஞ்சுகள்' நாவலும் இவ்வாறு தேடிப் போய் எழுதப்பட்டதே. வாழ்க்கை தானாகக் கொண்டுவந்து கொடுத்தது நீலகிரி. அவரே நடந்து சென்று வாங்கியது தூத்துக்குடி. இரண்டும் அவருடைய சொந்த அனுபவங்களே.

கேள்வி: நான் இல்லத்தரசி. பெரிய அனுபவம் ஏதும் இல்லாத நான் நாவல் எழுத முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ராஜம் கிருஷ்ணனும் இல்லத்தரசியாக இருந்து எழுதியவர்தான். உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், வழியில் எங்கே தேநீர் குடிக்கிறார், தன் பிள்ளையை யாரிடம் விட்டு வருகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், நாளைக் காலையில் அவரோடு சற்று உட்கார்ந்து பேசுங்கள்; முதல் அத்தியாயத்தை அதன் பிறகு தொடங்குங்கள்.